ஐம்பத்தாறுக்கு எத்தனை மடங்கு?

"பதினாலாயிரத்து இருநூத்து எண்பத்தஞ்சு மடங்கு!" என்று சொல்லிவிட்டு மோடம் மாமா பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எதிரே இருந்த அந்த வீட்டுப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுக்கு எது மடங்கு, தம்பி?"

"இப்ப நீங்க வச்சிருக்கிற டயல்-அப் மோடத்துக்கு, நாங்க குடுக்கப்போற ஃபைபர், ஐயா. மோடம்னா போன் கம்பியில தவழ்ந்து வரும். ஃபைபர்னா கண்ணாடி இழையில வெளிச்சமா பறந்து வரும்."

"தவழட்டும், பறக்கட்டும். கணக்கைச் சொல்லுங்க."

"ஃபைபர் ஒரு நொடிக்கு நூறு மெகா. மோடம் ஒரு நொடிக்கு ஏழு கிலோ. நூறு மெகாவை ஏழு கிலோவால வகுத்தா..."

"நூறு மெகா என்னது?"

"பிட்டு."

"ஏழு கிலோ என்னது?"

மாமா குரலைத் தாழ்த்தி, "பைட்டு," என்றார்.

"ஒரு பைட்டுக்கு எத்தனை பிட்டு?"

"எட்டு."

"ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு?"

"அதுவும் எட்டுதான் ஐயா."

"அப்போ ஒரு சரக்கைப் படியால அளந்து, இன்னொரு சரக்கை ஆழாக்கால அளந்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆஹா எவ்வளவு பெருசுன்னு காட்டினா, அதுக்குப் பேரு என்ன தெரியுமா? கள்ள அளவு!"

போதாத காலம் என்றால் இதுதான். பெரியவர் வேலையில் இருந்தபோது எடையளவு ஆய்வாளர். அவர் சந்தைக்குள் நுழைந்தால் தராசுகள் தானாக நேராகும் என்று ஊரில் சொல்வார்கள். தராசுக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், பிட்டையும் பைட்டையும் குழப்பி, எட்டு மடங்கு கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டார் நம் மாமா.

"கணக்கு கிடக்கட்டும் ஐயா," என்று மாமா சமாளித்தார். "நீங்க சம்மதம்னு ஒரு கையெழுத்து போட்டா போதும். நான் எங்க மோடம் அறையைப் பூட்டி, சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

"போயிக்கிட்டே இருப்பீங்களா? எங்க?"

மாமாவுக்கு உண்மையைச் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் தன் சொந்தக் காரியத்துக்காக ஒரு வாடிக்கையாளரைக் கையெழுத்துப் போடச் சொல்வது அவருக்குப் பிடிக்காத விஷயம். "எனக்கென்ன ஐயா... எப்படியோ பாத்துக்கலாம்," என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி வைத்தார்.

தராசுக்காரர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல்ல கணக்கு சரியா வரட்டும் தம்பி. அப்புறம் பேசலாம்," என்று எழுந்துவிட்டார்.

மோடம் மாமாவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. ஆபீஸ் மாடிப்படிக்குப் பின்னால், துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதில் சுவர் முழுக்க மோடம் பெட்டிகள். ஒரு காலத்தில் அத்தனை பெட்டியிலும் சிவப்பு விளக்கு மின்னும். சாயங்காலமானால் ஊரே போன் போட்டு உள்ளே வர முட்டி மோதும். இணைப்பு கிடைக்காதவர்கள் மாமாவைத் திட்டுவார்கள். கிடைத்தவர்கள் தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமை அடிப்பார்கள். அப்போது மாமாவுக்கு முடி கறுப்பு. போனைக் காதில் வைத்து, கிர்ர்ர் என்று வரும் சத்தத்தைக் கேட்டே "உங்க வீட்ல யாரோ இன்னொரு போனை எடுத்திருக்காங்க சார்" என்று சொல்லிவிடுவார்.

அதெல்லாம் போச்சு. ஊர் முழுக்க ஃபைபர் வந்து, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் ஒரே ஒரு பெட்டியில் விளக்கு எரிகிறது. தினமும் சாயங்காலம் தராசுக்காரர் டயல் செய்வார். அரை மணி நேரம் இருப்பார். போய்விடுவார். அந்த ஒருவருக்காக அந்த அறை. அந்த அறைக்காக மாமா.

நிறுவனம் நினைத்தால் ஒரே நாளில் மூடியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் சம்மதிக்காமல் இணைப்பை எடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் எவனோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்துவிட்டான். அந்தப் பழைய பெட்டிகளைத் தொடத் தெரிந்த ஆளும் மாமாவை விட்டால் வேறு இல்லை.

இதற்கு முன்னால் இரண்டு தடவை ஃபைபர் பிரிவுக்கு வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் முடியாது என்றுவிட்டார். "பாவம், அந்த மனுஷனுக்கு உலகத்தைப் பாக்க அது ஒண்ணுதான் ஜன்னல். நான் போனா அதை யார் துடைப்பா?" என்பது அவர் கட்சி.

மூன்றாவது தடவை வந்த அழைப்பு வேறு மாதிரி. இந்த முறை வேலை, மகள் இருக்கும் ஊரில். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். மருமகன் வேலை நிமித்தம் பாதி நாள் கடலில். வெள்ளிக்கிழமைக்குள் தராசுக்காரரின் கையெழுத்து வந்தால் மாமா போகலாம். வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"கையெழுத்து?"

"கணக்குல ஒரு சின்னத் தப்பு."

"எவ்வளவு சின்னது?"

"எட்டு மடங்கு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே பாதி பெட்டி கட்டியாகிவிட்டது. குழந்தைக்குத் தைத்த துணிகள் ஒரு பெட்டி. மகள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் எடுத்து வைத்த பாத்திரங்கள் மூன்று பெட்டி.

"பெத்த பொண்ணு தனியாக் கிடந்து தவிக்கிறா. உங்களுக்கு அந்த ஒத்தை வாடிக்கையாளர்தான் உசுரு," என்றாள். "என்ன மந்திரம் போட்டாரோ உங்களுக்கு!"

"நாளைக்கு முடிச்சிடறேன்."

"நாளைக்கு, நாளைக்கு. அந்த மோடம் மாதிரியே ஆயிட்டீங்க. சத்தம்தான் வருது, ஒண்ணும் வந்து சேரல."

மறுநாள் மாமா ஒரு முறைக்கு மூன்று முறை வகுத்துப் பார்த்துவிட்டுப் போனார். நூறு மெகா பிட்டு. ஐம்பத்தாறு கிலோ பிட்டு. இரண்டும் பிட்டு. இரண்டும் ஆழாக்கு. யாரும் குறை சொல்ல முடியாது.

"ஆயிரத்து எழுநூத்து எண்பத்தாறு மடங்கு ஐயா. சுத்தமான கணக்கு!"

தராசுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். தானும் ஒரு தடவை வகுத்தார். மாமாவுக்கு நம்பிக்கை வந்து, பையிலிருந்து பேனாவையே எடுத்துவிட்டார்.

"வகுத்தது சரி," என்றார் தராசுக்காரர். "வகுக்கிற எண் சரியா?"

"ஐம்பத்தாறு ஐயா. மோடம் பெட்டி மேலயே போட்டிருக்கே."

"மூட்டை மேல போட்டிருக்கிறதுக்கும் மூட்டைக்குள்ள இருக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு சட்டமா? என் வீட்டுக்கு நிஜமா எவ்வளவு வருது?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் தான் தினமும் பார்க்கும் விளக்கைப் பற்றிப் பொய் சொல்ல வரவே வராது.

"உங்க தெருவுக் கம்பி கொஞ்சம் பழசு ஐயா. இருபத்தெட்டுதான் வரும்."

"பாதி!"

"பாதின்னு சொல்ல முடியாது..."

"ஐம்பத்தாறுல இருபத்தெட்டு பாதி இல்லாம வேற என்ன? இத்தனை வருஷமா எனக்கு அரைப்படியை முழுப்படின்னு அளந்திருக்கீங்க!"

"அப்படிப் பாத்தா உங்களுக்கு இன்னும் நல்லது ஐயா," என்று மாமா அவசரமாகப் பாய்ந்தார். "இருபத்தெட்டால வகுத்தா மூவாயிரத்து ஐந்நூத்து எழுபத்தோரு மடங்கு வருது. லாபம் ரெட்டிப்பு!"

"பழைய அளவுல ஏமாத்தினா புது அளவு பெருசாத் தெரியும். என்கிட்டயேவா?"

தராசுக்காரர் எழுந்து இரண்டு நடை நடந்தார். பிறகு விரலை நீட்டினார்.

"அந்த அறை இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூடினீங்க, இந்த அரைப்படி விவகாரத்தை மேலிடத்துக்கு எழுதிப் போட்டுருவேன். உங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க."

மாமா போய்ச் சொன்னார். மேலாளர் ஓர் இளவட்டம். மாமாவை அவனும் மாமா என்றுதான் கூப்பிடுவான். கேட்டதும் அவன் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மேசையில் கொட்டியது.

"உங்களைக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னா, புகார் வாங்கிட்டு வந்திருக்கீங்க! இருபத்தெட்டுன்னு ஏன் மாமா சொன்னீங்க?"

"கேட்டார். சொன்னேன்."

"போச்சு. இனிமே எண்ணே பேசாதீங்க. பிட்டு, பைட்டு, மெகா, கிலோ எதுவும் வாயில வரக் கூடாது. நேரத்தைப் பேசுங்க. அது இவ்வளவு நேரம், இது இவ்வளவு நேரம். மனுஷன் மனசுல பதியணும்."

வியாழக்கிழமை மாமா மூன்றாவது தடவையாக அந்தப் படி ஏறினார். இந்த முறை தாள் இல்லை, பேனா இல்லை.

"ஐயா, ஒரு சினிமாப் படத்தை உங்க மோடத்துல இறக்கணும்னா ரெண்டு நாளுக்கு மேல ஆகும். நடுவுல லைன் கட்டாச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து. அதே படம் ஃபைபர்ல ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துரும்."

"ஒரு நிமிஷத்துல வந்தா அந்தப் படத்துக்கு என்ன மரியாதை?"

"சரி, படத்தை விடுங்க. ஒரு போட்டோ. மோடத்துல அஞ்சு நிமிஷம். ஃபைபர்ல கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள."

"அஞ்சு நிமிஷம்..." என்று தராசுக்காரர் இழுத்தார். அவர் குரல் மாறிவிட்டது. "தம்பி, என் மருமக போட்டோ வந்தது ஞாபகம் இருக்கா?"

மாமாவுக்கு எப்படி மறக்கும்? அவர் முகம் தானாக மலர்ந்தது.

பெரியவரின் மகன் வெளியூரில் வேலை பார்த்த காலம். "ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு, போட்டோ அனுப்பறேன், பாத்துட்டு சொல்லுங்க" என்று எழுதியிருந்தான். வீட்டில் அத்தனை பேரும் கணினி முன்னால் கூடிவிட்டார்கள். மோடம் கத்தி முடித்து, படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் சுவர். பிறகு தலைமுடி. பிறகு நெற்றி. "நெத்தி நல்லா இருக்கு" என்றாள் பெரியவரின் மனைவி. கண் வந்தது. "கண்ணு உன்னை மாதிரி" என்றாராம் பெரியவர். மூக்கு பாதி வந்தது. லைன் கட்.

"எங்க லைன்ல மோடம் திரும்பத் திரும்ப டயல் பண்ணிக்கிட்டே கிடந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு ஓடி, அவங்க போன்ல உங்களைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்குது எனக்கு. நீங்க என்ன சொன்னீங்க?"

"பதட்டப்படாதீங்க ஐயா, உங்களுக்குன்னு ஒரு பெட்டியைக் காலியாப் பிடிச்சு வைக்கிறேன், போய் டயல் பண்ணுங்கன்னேன்."

"பிடிச்சு வச்சீங்க! முழு மூக்கு வந்துச்சு, சிரிப்பு வந்துச்சு. கீழ் உதடு வந்த உடனே என் வீட்டுக்காரி 'இவதான் நம்ம பொண்ணு'ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. இப்ப அவ இல்ல." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள அந்த போட்டோ வந்திருந்தா, 'பாத்தாச்சு, சரி'ன்னு எழுந்து போயிருப்போம். அந்தக் காத்திருப்புலதான் தம்பி அவ எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தா."

மாமாவுக்கு வந்த காரியம் மறந்தே போயிற்று. "அந்தச் சத்தம் ஐயா... முதல்ல டொய்ங் டொய்ங்னு ரெண்டு..."

"இல்ல இல்ல, முதல்ல கீச்சுன்னு ஒண்ணு நீளமா!"

"அது எங்க பக்கத்துப் பெட்டி பதில் சொல்றது. அப்புறம்தான் கிர்ர்ர்ர்..."

"கிர்ர்ர்ர், ஷ்ஷ்ஷ்ஷ்!"

"அங்கதான் ரெண்டு பெட்டியும் எந்த வேகத்துல பேசலாம்னு பேரம் பேசும்."

இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அந்தச் சத்தத்தை வாயால் போட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. பெரியவர் சிரித்து இருமினார், மாமா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்படியே கிளம்பி வீட்டுக்கும் வந்துவிட்டார்.

"கையெழுத்து?" என்றாள் மனைவி.

"சத்தம் போட்டோம்."

"சண்டையா?"

"இல்லம்மா. மோடம் சத்தம்."

மனைவி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். முப்பது வருடங்கள் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும், பேசினால்கூடத் தாங்கலாம், பேசாமல் போனால் நிலைமை மோசம்.

வெள்ளிக்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். அவளாவது திட்டியிருக்கலாம். "உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப வாங்கப்பா. நான் சமாளிச்சுக்கறேன்," என்றாள். மாமாவுக்கு மகளை நினைத்தால் இங்கே ஒரு நிமிடம் இருக்க முடியவில்லை. தராசுக்காரரை நினைத்தால் அந்தக் கம்பியைப் பிடுங்கக் கை வரவில்லை. மனைவியைப் பறிகொடுத்த மனிதர். மருமகள் வந்த வழி அது. அதையும் பிடுங்கிவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

"என்னால முடியாதும்மா," என்றார் மனைவியிடம். "அந்த மனுஷன் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்த விளக்கு எரியட்டும். நீ மட்டும் பொண்ணுகிட்டப் போ. நான் இங்க எப்படியோ பொங்கித் தின்னுக்கறேன்."

மனைவி கட்டிய பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள். "உங்களுக்கு வெந்நீர் போடத் தெரியுமா?" என்று அழுகைக்கு நடுவே கேட்டாள். மாமாவுக்கும் அழுகை வந்துவிட்டது.

மேலாளரைக் கூப்பிட்டு, அந்த வேலை தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"பைத்தியமா மாமா உங்களுக்கு?" என்றான் அவன். "சாயங்காலம் ஆபீஸ் மூடற வரைக்கும் அந்த இடத்துக்கு வேற பேரைப் போட மாட்டேன். நல்லா யோசிச்சு சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? பெரியவரிடம் நல்ல சேதியைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று மாமா கிளம்பினார். கள்ள அளவு, அரைப்படி, புகார் எல்லாம் இன்றோடு தீர்ந்தது. பாவம், நிம்மதியாகத் தூங்கட்டும்.

கதவைத் திறந்தது மருமகள். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் அவள் வேலைக்குப் போயிருப்பாள். போட்டோவில் கோடு கோடாக வந்த அதே நெற்றி, அதே கண். இப்போது ஓரத்தில் ஒன்றிரண்டு நரை.

"எங்க மாமனார் முடி வெட்டிக்கப் போயிருக்காரு. நீங்க?"

"நான் மோடம் ஆபீஸ்லேர்ந்து வர்றேம்மா."

"அட, நீங்கதானா அவர்! உள்ள வாங்க, உக்காருங்க."

இத்தனை நாளும் மாமா முன்னறையோடு திரும்பியவர். இன்றுதான் உள்ளே போகிறார். உள்கூடத்தில் மேசைமேல் ஒரு கணினி திறந்திருந்தது. திரையில் ஆறு பேர் ஒரே சமயத்தில் உயிரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடப் பாதி மூக்கோடு நிற்கவில்லை. அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, "அஞ்சு நிமிஷத்துல வர்றேன், நீங்க பேசிக்கிட்டு இருங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஆபீஸில் கொடுத்த ஏதோ கருவி போலிருக்கிறது என்று மாமா நினைத்துக்கொண்டார்.

"ஐயா வந்ததும் ஒரு சேதி சொல்லணும்மா. அவர் கையெழுத்தே போட வேண்டாம். எனக்குப் பொண்ணு ஊர்ல பெரிய வேலை போட்டுக் குடுத்தாங்க. வேண்டாம்னுட்டேன். பொண்ணுக்குப் பிரசவ நேரம், வீட்டுக்காரி அழறா, இருந்தாலும் பரவாயில்ல. அவருக்குன்னு உள்ள ஒரே இணைப்பு. அவர் காலம் வரைக்கும் நான் அந்த அறையை விட்டு நகர மாட்டேன்னு சொல்லுங்க."

மருமகள் அவரைப் பார்த்தாள். வாயில் கையை வைத்தாள்.

"ஐயையோ சார், எங்க வீட்டுக்கு வேற கம்பெனி ஃபைபர் வந்து ஆறு வருஷம் ஆச்சு, 'நானும் விட்டுட்டேன்னா அந்தத் தம்பிக்கு வேலை போயிடும், குடும்பத்தோட எங்க போவான்'னு சொல்லி, எங்க மாமனார்தான் தினமும் சாயங்காலம் அந்த மோடத்தைச் சும்மா கத்த விட்டுட்டு, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு!"